இடது பக்கப் பின்சக்கரம்

"அந்த வண்டியை எடுக்காதீங்க மாமா!"

சாவியை வாங்க நீட்டிய மாமாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார். வாசலில் வானொலி மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

அவளுக்குப் பத்து வயது. ஓயாமல் பேசுவதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் வானொலிதான்.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. அத்தையும், பிறந்து ஐம்பதே நாளான குழந்தையும் மலைக்கு அந்தப் பக்கம், அத்தையின் அம்மா வீட்டில் இருந்தார்கள். அவர்களை அழைத்துவரத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கார் கேட்டு வந்திருந்தார்.

"ஏம்மா, வண்டிக்கு என்ன?" என்று கேட்டார் மாமா.

"பிரேக் பிடிச்சா பின்னாடி கர்ருனு சத்தம் வருது. நான் பின்சீட்டுலதானே உட்கார்றேன். ஒரு வாரமா கேக்குது!"

அப்பா சிரித்தார். "போன மாசம் கேஸ் கசியுதுன்னு தெருவையே கூட்டினா. போய்ப் பார்த்தா குக்கர்! டயர்ல ஏதாவது கல்லு சிக்கியிருக்கும்டா. நீ கிளம்பு."

வானொலிக்குக் கண்ணீர் முட்டியது. குக்கர் கதை உண்மைதான். அதற்காக இது பொய்யாகிவிடுமா? கத்தினால் யாரும் நம்பப் போவதில்லை. மூச்சை இழுத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"கல்லா இருந்தா வண்டி ஓடும்போதெல்லாம் சத்தம் வரணுமேப்பா? பிரேக் பிடிச்சா மட்டும் ஏன் வருது?"

அப்பா காரைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். அம்மாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. இயந்திரச் சத்தம் என்றால் காதைத் தீட்டிக்கொள்வாள்.

"கேட்டுப் பார்த்துட்டாப் போச்சு. அஞ்சு நிமிஷம் ஆகுமா?"

தெரு காலியாக இருந்தது. அப்பா காரை நடை வேகத்தில் ஓட்டினார். மற்றவர்கள் நடைபாதையில் கூடவே நடந்தார்கள். கார் சும்மா உருண்டபோது ஒரு சத்தமும் இல்லை. அப்பா பிரேக்கை மிதித்தார்.

"கர்ர்ர்ர்ர்!"

மாமா துள்ளிவிட்டார். "யம்மாடி! தகரத்தை ரம்பத்தால அறுக்கற மாதிரி இருக்கே!"

"இடது பக்கம், பின்சக்கரம்," என்றாள் வானொலி. "அப்பா, இப்போ காலை எடுத்துட்டு, கைப்பிரேக்கை மட்டும் மெதுவா இழுங்க."

"அது எதுக்கு?"

"நம்ம வண்டியில கைப்பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அப்பா இழுத்தார். அதே "கர்ர்ர்". அதே இடம்.

அம்மாவின் முகம் மாறியது. "வண்டியை உள்ளே விடுங்க. கழற்றிப் பார்த்துடறேன்."

சமதரையில் நிறுத்திய காரின் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கற்களை வைத்தாள். ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் இரும்புத் தாங்கி கொடுத்தாள். கைப்பிரேக்கை விடுவித்தாள். முகமூடி போட்டுக்கொண்டு சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே கவிழ்த்த சட்டிபோல ஓர் இரும்பு டிரம் தெரிந்தது.

"இதுக்குள்ள பிறை மாதிரி ரெண்டு ஷூ இருக்கும். பிரேக் பிடிச்சா ரெண்டும் விரிஞ்சு டிரம்மை அழுத்தும். சக்கரம் நிக்கும்."

சுத்தியலால் சுற்றிலும் தட்டினாள். டிரம் மெல்ல அசைந்து கையோடு வந்தது.

கூடவே கறுப்பாக ஏதோ ஒன்று 'டக்'கென்று தரையில் விழுந்தது.

வளைந்த பட்டை அது. உள்ளங்கை நீளம் இருக்கும். மாமா குனிந்து அதன்மேல் இருந்த தூசியை ஊதப் போனார்.

"ஊதாதேடா! அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போகக் கூடாது!"

அம்மா ஈரத்துணியால் பட்டையை எடுத்தாள்.

"இது ஷூமேல ஒட்டியிருக்க வேண்டியது. பிஞ்சு வந்திருக்கு. இத்தனை நாளா இரும்போட இரும்பு உரசியிருக்கு. மலை இறக்கத்துல இது குறுக்கே சிக்கி, சக்கரம் பூட்டிக்கிட்டிருந்தா..."

அம்மா பட்டையைத் துணியோடு சுற்றி ஓரமாக வைத்தாள்.

மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அக்கா, கைக்குழந்தையோட அந்த மலை வளைவுல வந்திருப்பேனே!"

அப்பாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. "எனக்கும் கேட்டுச்சு," என்றார் தணிந்த குரலில். "மூணு நாளா. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கிட்டேன்."

வானொலி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அப்பாவா? தெருவைக் கடக்க இரண்டு பக்கமும் மூன்று முறை பார்க்கச் சொல்லும் அப்பாவா? "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தலை குனிந்து நின்றவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அருகே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"பரவாயில்லப்பா. வண்டி நம்ம வீட்டுலதானே நிக்குது."

அப்பா அவள் கையை இறுகப் பற்றினார்.

மாமா அத்தைக்குப் போன் செய்து, புதன்கிழமை வருவதாகச் சொன்னார். அம்மா வலது சக்கரத்தையும் கழற்றினாள். அங்கே பட்டை காகிதம்போலத் தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாது என்று இரண்டு பக்கமும் புது ஷூ, புது டிரம் போட்டாள். சரிபார்க்க அம்மா கூப்பிட்டிருந்த கார் பட்டறைக்காரர் ஓட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"நல்ல வேளை, இப்பவே பார்த்தீங்க. யார் கண்டுபிடிச்சது?"

"என் பொண்ணு," என்றார் அப்பா, அவர் கேட்டு முடிப்பதற்குள்.

புதன்கிழமை மாலை கார் சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நின்றது. அத்தை குழந்தையோடு இறங்கி, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா. மலைப்பாதை முழுக்க இவன் கண்ணே திறக்கல."

வானொலி எட்டிப் பார்த்தாள். குட்டி முஷ்டிகளை இறுக மூடிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, அவன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்.