அடுப்புக் கதவில் துண்டு

முந்தாநாளே அடுப்பை அணைத்து, பாய்லர் தண்ணீரையும் வடித்தாயிற்று. ஆனாலும் கொட்டகைக் குழாய் சுட்டது.

அர்த்தனாரி மறுபடி கை வைத்துப் பார்த்தான். மலைமேல் வளப்பூர் நாட்டுக் காப்பித் தோட்டத்தில் இருந்தது அந்த ஒரே பாய்லர். அதன் நீராவி இஞ்சினைச் சுழற்றித் துரை பங்களாவுக்கு விளக்கெரிக்கும். மிச்சச் சூடு குழாய் வழியாகக் கொட்டகைக்கு வந்து காப்பிக்கொட்டையைக் காயவைக்கும்.

"குழந்தைவேலு இருந்தப்ப இப்படித்தானுங்க கதகதன்னு இருக்கும்," என்றாள் அர்த்தனாரியின் மனைவி பாப்பாத்தி, குழாயில் கன்னத்தைச் சாய்த்தபடி. "நீங்க ஓட்டுனா கொட்டையும் பூஞ்ச புடிக்குது, நாங்களும் நடுங்கிச் சாகறோம்."

அர்த்தனாரிக்கு வயிறு எரிந்தது. தலை நரைக்கும்வரை விறகு தள்ளியவன் அவன். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நேற்று ஏறி வந்த குழந்தைவேலுவிடம் துரை பாய்லரைக் கொடுத்தார். அது போதாதென்று வீட்டுச் சோற்றிலும் அவன் பேச்சு. செத்த பிறகும் அவன் பேச்சு.

செத்தது அர்த்தனாரிக்கு மட்டும்தான் தெரியும். பாய்லருக்குள் படிந்த உப்பைச் சுரண்ட இறங்குகிறவன் தன் துண்டை அடுப்புக் கதவில் கட்டிவிட்டுத்தான் இறங்குவான். துண்டு தொங்கும்வரை யாரும் தீ மூட்டமாட்டார்கள். கட்டியவனே வெளியே வந்து அவிழ்க்க வேண்டும். போன மாதம் குழந்தைவேலுவின் சிவப்புக் கரைத் துண்டை அர்த்தனாரி அவிழ்த்தான். மேல் மூடியைத் திருகி இறுக்கினான். தண்ணீரைத் திறந்துவிட்டான். அந்தத் துண்டை வைத்தே தீயை மூட்டினான். எஞ்சியதைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, "சொல்லாம மலையெறங்கிட்டானுங்க தொரை," என்றான்.

அணைந்த பாய்லரை இப்போது தன்னைவிட நன்றாகச் சூடேற்றுவது யார்?

பாய்லர் அறைக்குள் மூடுபனி புகுந்து, ஈரச் சாம்பல் நாற்றத்தோடு கலந்து, நடுப்பகலிலேயே சுவர்களை விழுங்கியிருந்தது. இரும்புக்குள் மெல்ல ஒரு சுரண்டல். எலி என்று நினைத்தான். நின்றது. தன் துண்டைக் கதவில் கட்டினான். மேலே ஏறினான். மூடியைக் கழற்றி இறங்கினான்.

சில்லென்ற இரும்பு. விரலால் தடவினான். உப்பு இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. வழவழவென்று சுரண்டியிருந்தது. அவன் கைக்கு ஒருநாளும் வராத சுத்தம். பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது.

வெளியே பாப்பாத்தியின் காலடி.

"ஏனுங்க!" குரலில் அப்படியொரு சந்தோஷம். புருஷனுக்காக அந்தக் குரல் ஒருநாளும் அப்படி உயர்ந்ததில்லை. "குழந்தைவேலு வந்துட்டாருங்களா? கதவுல ரெண்டு துண்டு தொங்குதே. செவப்புக் கரை அவருதுதானுங்களே?"

மேலே திறப்பை நோக்கிக் கை நீட்டினான்.

இருட்டில், சூடான ஒரு தோள் அவன் தோளில் உரச, சுரண்டல் மறுபடி தொடங்கியது.