கத்திரிக்காய் நிறத்தில் ஒரு கூறைப்புடவை

ஜினப்பிரியா வீட்டுக்கு டிவிடி பிளேயர் வந்த அன்று, தெருவில் பாதிப் பேர் கூடவே வந்துவிட்டார்கள்.

வராமல் என்ன செய்வார்கள்? அவளுடைய நைனா ஸ்ரேயாம்ஸ், செஞ்சிக் கடைத்தெருவில் பிளேயரை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வரவில்லை. வழியில் பார்த்தவர்களை எல்லாம் நிறுத்தி, "புது பிளேயர்! மூணு மணிக்கு நம்ம வீட்ல டெஸ்டிங். மறக்காம வந்துடுங்க" என்று அழைப்பு வைத்துக்கொண்டே வந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தனியா போட்டுப் பாத்துட்டு அப்புறம் கூப்பிடக்கூடாதா?"

"நல்ல பொருளை நாலு பேரு பாக்கணும்" என்றார் நைனா.

முதலில் எந்தப் படம் போடுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. போன மாதம் தொண்டூரில் நடந்த அக்காவின் கல்யாணம்தான். அதை வீடியோ எடுத்தவன் பெரியப்பா மகன் அஜிததாஸ். அவனுக்கு அதுதான் முதல் கல்யாணம். அதாவது, அவன் எடுத்த முதல் கல்யாணம். அவனுக்குக் கல்யாணம் ஆக இன்னும் நாள் இருக்கிறது.

அஜிததாஸ் அன்று காலையிலிருந்து சாப்பிடவே இல்லை. காரணம், மாரியம்மாள் அத்தை. அடுத்த வீட்டு மாரியம்மாளின் மகள் மணிமொழிக்குத் தை மாதம் கல்யாணம். "உங்க அக்கா கல்யாணப் படம் எப்படி வந்திருக்குதுன்னு பாக்குறேன். நல்லா இருந்தா எங்க கல்யாணமும் உனக்குத்தான். இல்லன்னா திண்டிவனத்துல ஸ்டூடியோக்காரங்க இருக்காங்க" என்று அவர் சொல்லியிருந்தார்.

"அண்ணா, பயப்படாத. நல்லாத்தான் இருக்கும்" என்றாள் ஜினப்பிரியா.

"பிரண்டோட கம்ப்யூட்டர்ல பாத்தப்போ சூப்பரா இருந்துச்சு" என்றான் அஜிததாஸ். ஆனாலும் போய்க் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தான்.

அம்மா வறுத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், தட்டுத் தட்டாக எடுத்து வைத்தாள். எல்லாரும் கொறிக்க ஆரம்பித்தார்கள். பச்சைமுத்து மாமா மட்டும் டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவர் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். அதனால் கரண்டில் ஓடும் எல்லாப் பொருளைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு.

"மஞ்சள் ஒயரை மஞ்சள்ல சொருகு. வெள்ளையை வெள்ளையில. ஆங், அவ்வளவுதான். இனிமே நான் பாத்துக்குறேன்" என்றார், எல்லா ஒயரையும் நைனா சொருகி முடித்த பிறகு.

டிவிடி பிளேயருக்குள் போனது. பாட்டு வந்தது. படமும் வந்தது.

எல்லாரும் மல்லாட்டை கொறிப்பதை நிறுத்தினார்கள்.

அக்கா மணமேடையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கட்டியிருந்த கூறைப்புடவை நல்ல சிவப்பு. ஆனால் படத்தில் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் ஜினப்பிரியா நின்றாள். அவளுடைய மஞ்சள் பட்டுப் பாவாடை பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. அடுத்த காட்சியில் மாப்பிள்ளையும் பெண்ணும் செஞ்சிக் கோட்டை மலைக்கு முன்னால் நின்று சிரித்தார்கள். மலை நீலமாக இருந்தது.

"இன்னாடா இது, மலைக்குச் சொட்டு நீலம் போட்டுட்டாங்களா?" என்றார் பச்சைமுத்து.

எல்லாரும் சிரித்தார்கள். அஜிததாஸ் சிரிக்கவில்லை.

அடுத்து விருந்துக் காட்சி வந்தது. பந்தலில் வரிசையாக இலை போட்டிருந்தார்கள். யார் முகமும் தெளிவாகத் தெரியவில்லை. ஒரே இருட்டு.

மாரியம்மாள் உதட்டைப் பிதுக்கினார். "ராத்திரி சாப்பாட்டுக்கு லைட்டு வேணாமா தம்பி? லைட்டு போடாம எடுத்தா இப்படித்தான் இருக்கும். கோச்சுக்காத, இதைப் பாத்துட்டு எப்படி உன்னைக் கூப்புடுறது?"

அஜிததாஸின் முகம் சுருங்கிவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜினப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது பேருக்கு முன்னால் அண்ணன் இப்படித் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

"அத்தை! அது ராத்திரி சாப்பாடு இல்ல!"

"பின்ன? இருட்டா இருக்குதே கண்ணு."

"நாங்கதான் பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் சாப்பிட மாட்டோமே! ஜைனருங்க வீட்ல எப்பவுமே வெளிச்சம் போறதுக்குள்ள சாப்பிட்டுடுவாங்க. அன்னிக்கு நாலரை மணிக்கே பந்தி போட்டாச்சு. நீங்களும் வந்தீங்களே! 'இப்பத்தான் காபி குடிச்சேன், அதுக்குள்ள சாப்பாடா'ன்னு கேட்டீங்க."

மாரியம்மாள் யோசித்தார். "ஆமா... வெயிலு மூஞ்சியில அடிச்சுது. முந்தானையை இழுத்து மறைச்சுக்கிட்டுச் சாப்பிட்டேன்."

"அப்போ அஜிததாஸ் அண்ணன் லைட்டு போடலைன்னு சொல்றது தப்புதானே? அன்னிக்கு வெயிலே லைட்டு மாதிரி அடிச்சுது!"

எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். வெயில் இருந்த இடத்தில் இருட்டு இருந்தது.

நைனா எழுந்துவிட்டார். "அப்படின்னா பிளேயர்தான் கோளாறு. கடைக்காரன் ஏமாத்திட்டான். இப்பவே திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்."

"கேமராவும் கோளாறா இருக்கலாம்" என்றார் பச்சைமுத்து, யாரும் கேட்காமலே.

"டிவி சரியில்லையோ?" என்றாள் அம்மா.

நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தப் பெரிய பெட்டி டிவி அவருக்குச் செல்லப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் கையால்தான் துடைப்பார். "என் டிவியைச் சொல்லாத! இதோ பாரு" என்று கேபிளுக்கு மாற்றினார். ஒரு கார்ட்டூன் பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடியது. "எவ்வளவு நல்லாத் தெரியுது! டிவி மேல ஒரு குத்தமும் இல்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். பூனை நன்றாகத்தான் இருந்தது.

ஜினப்பிரியா தலையாட்டவில்லை. அவள் அந்தப் பூனையையே பார்த்தாள். சாம்பல் பூனையா? நீலப் பூனையா? யாருக்குத் தெரியும்? அந்தப் பூனையை யாரும் நேரில் பார்த்ததில்லை. சீரியலில் வருகிறவர்கள் கட்டும் புடவையையும் நேரில் பார்த்ததில்லை. டிவி எந்த நிறத்தில் காட்டினாலும் அதுதான் நிறம் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அக்காவின் புடவையைப் பார்த்திருக்கிறோம். கோட்டை மலையைத் தினம் பார்க்கிறோம்.

நேரில் பார்த்த பொருள் ஒன்று இந்த டிவியில் வருவது இன்றைக்குத்தான் முதல் தடவை!

"நைனா, போயிடாதீங்க! ரெண்டே நிமிஷம்!"

அவள் உள்ளே ஓடி, பீரோவிலிருந்து மஞ்சள் பட்டுப் பாவாடையை எடுத்து வந்தாள். "அண்ணா, நான் நிக்கிற இடத்துல படத்தை நிறுத்து."

அஜிததாஸ் நிறுத்தினான். படத்தில் ஜினப்பிரியா பச்சைப் பாவாடையோடு பல்லைக் காட்டிக்கொண்டு உறைந்து நின்றாள். நிஜ ஜினப்பிரியா மஞ்சள் பாவாடையை டிவியின் ஓரத்தில் பிடித்தாள்.

"மஞ்சள் எங்க, பச்சை எங்க! பிளேயர்தான்னு சொன்னேன்ல?" என்றார் நைனா.

"கொஞ்சம் இருங்க நைனா." இன்னும் நெருக்கமாகப் பிடித்துப் பார்க்கலாம் என்று பாவாடையை நகர்த்தினாள். அதன் கரை எதிலோ இடித்து, உள்ளே நழுவிப் போனது. போன வேகத்தில் பச்சையாகிவிட்டது!

வெளியே இழுத்தாள். மஞ்சள்.

உள்ளே விட்டாள். பச்சை.

வெளியே, மஞ்சள். உள்ளே, பச்சை.

"ஏய், இன்னா மாயம் பண்ற?" என்று மாரியம்மாள் எழுந்து வந்தார்.

"மாயம் இல்ல அத்தை. இங்க தொட்டுப் பாருங்க."

டிவிக்கு முன்னால் ஒரு நீலக் கண்ணாடித் தகடு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் டிவிக்கும் நடுவில்தான் பாவாடை போய்வந்தது. டிவியின் அகலத்துக்கே இருந்ததால் அது தனியாக இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளின் கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒருவர் வாங்கி மாட்டியது. மாட்டியதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மாட்டியவரும் மறந்துவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத்தான் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள்.

நைனா கூரையைப் பார்த்தார். "அது... கண்ணுக்கு நல்லதுன்னு..."

"கண்ணுக்கு நல்லதுதான். பொண்ணு கல்யாணம்தான் தெரியல" என்றாள் அம்மா.

வீடே குலுங்கச் சிரித்தது. நைனாவும் வெட்கத்தோடு சிரித்தார். பச்சைமுத்து மாமா, "எனக்கு வந்ததுமே சந்தேகம்தான்" என்றார். அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

நைனாவே தகட்டைக் கழற்றினார்.

அம்மாடி! டிவிக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல வெளிச்சம் பொங்கியது. அக்காவின் புடவை சிவந்தது. சரிகை மின்னியது. பாவாடை மஞ்சளானது. கோட்டை மலை, வாசலில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே, பழுப்புப் பாறைகளோடு நின்றது. அக்காவின் கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டுகூடத் தெரிந்தது.

விருந்துக் காட்சி வந்தது. மாலை வெயில் இலைகளின் மேல் பொன்னாக விழுந்திருந்தது. முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒருவர் வடையை ரசித்து ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அய்ய! அது நானா?" என்று மாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "இதையுமா எடுத்த? நான் பாக்கவே இல்லையே!"

"பாத்தா நீங்க சிரிக்க ஆரம்பிச்சுடுவீங்க அத்தை. சாப்பிடும்போது அழகா இருந்தீங்க, அதான்" என்றான் அஜிததாஸ் தயங்கித் தயங்கி.

மாரியம்மாள் அந்தக் காட்சி முடியும்வரை டிவியையே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த கண்ணீரா, வேறு கண்ணீரா என்று ஜினப்பிரியாவுக்குத் தெரியவில்லை. பிறகு அவர் திரும்பி உட்கார்ந்தார்.

"தம்பி, அவசரப்பட்டுப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத. எங்க மணிமொழியையும் இதே மாதிரி, அவளுக்கே தெரியாம, அழகா எடுத்துக் குடுப்பியா?"

அஜிததாஸின் வாய் நிறைய மல்லாட்டை. காலையிலிருந்து வராத பசி அப்போதுதான் வந்திருந்தது.

"எடுத்துக் குடுப்பாரு அத்தை!" என்றாள் ஜினப்பிரியா.

அவன் வேகமாகத் தலையை ஆட்டினான்.

"மொதல்லேருந்து போடுங்கப்பா! எல்லாத்தையும் கத்திரிக்காய் கலர்லயே பாத்துட்டோம்" என்று யாரோ கத்தினார்கள். நைனா பொத்தானை அழுத்தினார். ஜினப்பிரியா அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து வந்து, முதல் வரிசையில், நட்டநடுவில் உட்கார வைத்தாள்.