எடை குறைந்த சோறு

காலை பத்து மணிக்கு வடித்த சோறு, சட்டியோடு சேர்த்து இரண்டரைக் கிலோ இருந்தது. பதினொன்றரைக்கு இரண்டு கிலோதான். ஆபிதாவின் புருஷன் தோல் பட்டறையிலிருந்து இன்னும் சாப்பிட வரவில்லை. சட்டியை யாருமே திறக்கவில்லை.

பாகீரதி ஸ்பிரிங் தராசைத் தட்டிப் பார்த்தாள். தாராவிக் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்று வீடு வீடாக நிறுத்து எழுதுவதுதான் அவளுடைய பல்கலைக்கழக ஆய்வு. மாதுங்காவிலிருந்து தினமும் வந்து, தோல் நாற்றத்துக்கு மூக்கைப் பழக்கிக்கொண்டு, நோட்டில் எழுதினாள். இந்த ஒரு வீடுதான் நாலு நாளாக அவளைப் பாடாய்ப் படுத்தியது. "நிறுத்து எழுதுகிறாயா, வீட்டில் உட்கார்ந்து கற்பனை பண்ணுகிறாயா? இன்னொரு நாள் இப்படிக் கணக்கு வந்தால் வேறு ஆளைப் போடுவேன்" என்று பேராசிரியர் திருவேங்கடம் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

ரேஷன் அரிசிக்கு ஊரே அல்லாடிய அறுபத்தாறாம் வருஷம். இந்த ஆபிதா சோற்றை விற்கிறாள், இல்லையென்றால் அட்டையில் பெயர் இல்லாத எவனையோ ஒளித்து வைத்திருக்கிறாள். வேறென்ன?

"நெஜத்தைச் சொல்லுங்கோ. யாருக்குக் குடுத்தனுப்பறேள்?"

ஆபிதா குழந்தை ரோஷனை இறுக்கிக்கொண்டாள். "மொத நாளே சொன்னேம்லாக்கா. அரிசிய நிறுங்க, வெந்த சோத்த நிறுக்காதீங்க, அதுல அல்லா வச்ச பரக்கத்து போயிரும்னு. கேக்கலியே. அது போன எடத்துல இப்ப வேற ஒண்ணு வந்து உக்காந்துட்டு."

என்ன சாமர்த்தியமான கதை! பாகீரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் சோறு வடித்ததும் அவளே சட்டியை மூடி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சுகளில் அரக்கு வைத்து, உத்தரத்தில் மாட்டிய தராசில் தொங்கவிட்டாள். கதவைச் சாத்தினாள். "இன்னிக்கு நானும் நகரமாட்டேன், நீங்களும் நகரப்படாது."

ஜன்னல் இல்லாத அறை. தகரக்கூரையின் ஓட்டைகள் வழியே காசு காசாக வெயில் விழுந்தது. சந்தில் தோல் அடிக்கும் சத்தமும், குழாயடிச் சண்டையும், குர்லா பக்கம் போகும் ரயிலின் கூவலும் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் ஈரமாக, நிதானமாக ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. மெல்லும் சத்தம்.

பாகீரதி ஆபிதாவின் வாயைப் பார்த்தாள். மூடியிருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

முள் இரண்டரையிலிருந்து இரண்டேகாலுக்கு இறங்கியது. இரண்டு.

"எறக்கிருங்கக்கா. ஒங்க காலுல விழுறேன்."

பாகீரதி இறக்கவில்லை. முள்ளைப் பார்த்து எழுதினாள். இதைக் காட்டினால் இனி ஒருவனும் அவளைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது. ஒன்றரை. ஒன்றேகால். ஒன்று. அது வெறும் சட்டியின் எடை. அரக்கு அப்படியே இருந்தது.

மெல்லுவது நின்றது.

ஆபிதா குழந்தையோடு எழுந்து ஓடினாள். கதவு அறைந்தது. வெளியே சங்கிலி மாட்டும் சத்தம்.

"ஆபிதா! திறங்கோ!"

"அதுக்கு இன்னும் பசி அடங்கலக்கா. எனக்குப் பிள்ளை இருக்கு. மன்னிச்சிருங்க."

பாகீரதி திரும்பினாள். முள் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து. பன்னிரண்டு. உத்தரம் முனகியது. முப்பது. நாற்பத்தாறு.

ஒரு முழு ஆளின் எடை. அந்தச் சின்னச் சட்டிக்குள்.

அரக்கு உடைந்தது. ஒன்று. இன்னொன்று. மூடி மெல்ல எழும்பியது.

இடுக்கில் ஒரு வாய். அந்த வாய்க்குள் ஒரு பருக்கைகூட இல்லை. அவளைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது.