மூன்று நொடிக் கதவு

தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் வேலை பார்க்கும் என் மனைவி செங்கமலத்தைச் செவ்வாய்க் கிரகத்தின் வெட்டவெளியில் நிறுத்திவிட்டுக் கதவை அடைத்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் குமிழிக் குடியிருப்பின் கதவு திறக்கும்போது வணக்கம் சொல்லும். காலணி அளவு கேட்கும். 'இன்று திறந்த விதம் திருப்தியா?' என்று ஐந்து நட்சத்திரங்களை நீட்டும். பொங்கலுக்குக் கதவின் திரையில் ஒரு கரும்புப் படத்தையும் காட்டினால் என்ன என்று தோன்றியது. அதைச் சேர்ப்பதற்காக, கதவை இயக்கும், என் பொறுப்பிலுள்ள சர்வர் மென்பொருளை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். அவள் வெளியே போயிருப்பது அப்புறம்தான் உறைத்தது.

"ஏங்க, கதவு திறக்கல," என்றாள் வானொலியில்.

"ஒரே நிமிஷம்மா."

"உங்க நிமிஷம் எனக்குத் தெரியாதா? நாப்பது நிமிஷத்துக்குத்தான் காத்து இருக்கு."

சர்வர் முழுதாக ஏறி வேலைக்குத் தயாராக எழுபது நிமிடம் ஆகும். காரணம் எளிது. முதலில் வந்த பொறியாளர், பூமியில் கல்யாண மண்டப முன்பதிவுக்கு எழுதிய மென்பொருளை அப்படியே நகலெடுத்துக் கதவுக்கு மாட்டிவிட்டார். பந்திக்கு எத்தனை இலை என்று கணக்கிடும் பகுதி இன்றும் உள்ளே ஓடுகிறது. எடுத்தால் எது உடையுமோ என்று யாரும் கை வைத்ததில்லை. நானும்தான்.

உதவி இயந்திரன் விடைமணியிடம் ஓடினேன். "கதவை மட்டும் திறக்க இலேசா ஒரு ஜாவா சர்வர் இருக்கா?"

"அருமையான கேள்வி! அது உங்கள் தேவையைப் பொறுத்தது. ஒப்பீட்டு அட்டவணை தரட்டுமா?"

"ஆள் வெளிய நிக்கிறா!"

"புரிகிறது. அட்டவணையில் ஆளையும் சேர்க்கிறேன்."

பூமியின் வல்லுநர் மன்றத்துக்கும் எழுதினேன். இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: 'ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி. மூடப்பட்டது.'

அதற்குள் பழைய காப்பகத்தைக் குடைந்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். ஒரு குட்டி ஜாவா சர்வர், முழுதும் ஒற்றை ஜார் கோப்புக்குள். ஒரு புகைப்படத்தின் எடைகூட இல்லை. 'தொடங்குவது எப்படி' பக்கத்தில் மூன்றே வரி. கோப்பை வை, அழைப்பு வந்து சேரும் வாசல் எண், அதாவது போர்ட், எது என்று சொல், ஒரு கட்டளை அடி. 'கதவு' என்று அழைப்பு வந்தால் தாழை விலக்கு என்று நான் எழுத வேண்டியது பதினெட்டு வரி. எழுதிக் கிளப்பினேன்.

'போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.'

பழைய சர்வர், இன்னும் பாதிகூட ஏறாமலே, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைக் கொன்றால்தான் புதியது ஏறும். செங்கமலத்திடம் ஆறு நிமிடக் காற்று இருந்தது.

கதவுக் குழுத் தலைவர் மார்த்தாண்டம் என் கையைப் பிடித்தார். "யோவ், முப்பத்திநாலு நிமிஷம் ஏறியிருக்கு. இப்பப் போய் நிறுத்தினா அவ்வளவும் வீணாயிடுமே!"

"உங்க வீட்டம்மா வெளிய நின்னா?"

கையை விட்டார். கொன்றேன். புதியதைக் கிளப்பினேன். மூன்று நொடி. கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. உள்ளே வந்தவள் தலைக்கவசத்தைக் கழற்றி, என்னைப் பார்த்து, "எதுக்குங்க அழுவுறீங்க? நானில்ல அழணும்?" என்றாள்.

குழு எனக்குப் பாராட்டுத் தீர்மானம் போட்டது. மறுவாரம் வணக்கத்தைச் சேர்க்கச் சொன்னது. "சின்ன சர்வர்தானே, தாங்கும்," என்றார் மார்த்தாண்டம். பிறகு காலணி அளவு. பிறகு நட்சத்திரங்கள். பாதுகாப்புக்காக இருக்கட்டும் என்று பந்தி இலைக் கணக்கும் திரும்பி வந்தது. மற்றவர்களைச் சொல்வானேன், முதல் ஆளாகக் கரும்பைச் சேர்த்தவன் நான்தான்.

இன்று அது ஏறி முடிய நாற்பத்தொரு நிமிடம் ஆகிறது.

எதை எடுக்கலாம் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். விடைமணி அட்டவணை கொடுத்தது. மார்த்தாண்டம், "அடுத்த கூட்டத்துல பேசுவோம்," என்றார். கரும்பை எடுக்க எனக்கே மனம் வரவில்லை.

காலையில் செங்கமலம் குழாய் வேலைக்குக் கிளம்பித் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாக அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா, அந்தக் கதவு என்னதான் செய்யணும்?"

"திறக்கணும்," என்றாள்.