ஏசியோடு ஏற வேண்டிய மேடு

நண்பகலுக்குள் கால்நடைக் கண்காட்சி வாசலைத் தாண்டாத மாட்டுக்குப் போட்டியில் இடமில்லை. இது டெஸ்ஸாவுக்குத் தெரியும். பின்னால் இழுவண்டியில் நின்ற அவளுடைய காளை பிஸ்கெட்டுக்குத் தெரியாது. அது நிம்மதியாக அசைபோட்டது.

கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து கிங்மன் போகும் மலைச்சாலை. பாதி மேட்டில் பிக்கப்பின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. அப்பா ஓரங்கட்டினார்.

"ஏசியைக்கூட அணைச்சுட்டேன். அப்பவும் கொதிக்குதே!"

ஹோமர் மாமா வியர்வையில் குளித்திருந்தார். "ஐயாயிரம் பவுண்டு இழுக்கும்னு விளம்பரத்துல போட்டிருந்தானே, புளுகா?"

"புளுகு இல்ல மாமா," என்றாள் டெஸ்ஸா. "கோடையில வண்டிக் கம்பெனிக்காரங்க இதே மேட்டுலதான் சோதிக்கிறாங்க. ஆத்தங்கரையில நம்ம கடைக்குத் தண்ணி வாங்க வந்தப்போ அவங்ககிட்டயே கேட்டேன். ஏசியை முழுசா போட்டு, பாரத்தை இழுத்துக்கிட்டு, ரொம்ப வேகம் குறையாம ஏறணும். ஏறினாத்தான் ஐயாயிரம்னு விளம்பரத்துல போடுவாங்க."

"அப்ப நம்ம வண்டிக்கு என்ன கேடு?"

"அவங்க வண்டியில பின்தட்டு காலி. உள்ள ரெண்டே பேர். ஆளுக்கு நூத்தைம்பது பவுண்டுன்னு கணக்கு. அதுக்கு மேல ஏத்துறதெல்லாம் ஐயாயிரத்துல கழிஞ்சிடும்."

மாமா தன் வயிற்றைப் பார்த்தார். "அப்ப நான் ஒரு ஆளு..."

"அந்த ரெண்டு பேரும் நீங்களேதான், மாமா."

அப்பா சிரிப்பை இருமலாக்கினார்.

டெஸ்ஸா பின்தட்டில் ஏறினாள். முதலில் தன்னுடைய மின்விசிறி, நாற்காலி, தீவன மூட்டைகளை இறக்கினாள். அடுத்து மாமாவின் பெரிய இரும்பு அடுப்பில் கை வைத்தாள்.

"அது வேணும்டி! நீ ஜெயிச்சா இறைச்சி சுட்டுக் கொண்டாட வேணாமா?"

"மெதுவா பேசுங்க. பிஸ்கெட் காதுல விழப்போகுது."

மாமா அடுப்பின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

மேலே ஏறிவந்த ஒரு லாரியைப் பார்த்து டெஸ்ஸா இரண்டு கைகளையும் ஆட்டினாள். பக்கத்துப் பண்ணை ரொசால்பா அத்தை லாரியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"காலி லாரிதான், எல்லாத்தையும் ஏத்துங்க. ஆனா கோழி நாத்தம் அடிக்கும், ஹோமர்!"

"நான் மட்டும் என்ன, மணக்கிறேனா?" என்று மாமா சாமான்களோடு அந்த லாரியில் ஏறிக்கொண்டார்.

இன்ஜின் ஆறியது. அப்பா வண்டியைக் கிளப்பினார். "ஏசி வேணாம்தானே?"

"முழுசா போடுங்கப்பா. கணக்கு சரின்னா ஏறணும்."

டெஸ்ஸா முள்ளையே முறைத்தாள். முள் நடுவிலேயே நின்றது. வண்டி உறுமிக்கொண்டு உச்சியைத் தாண்டியது.

கண்காட்சி வாசலில் காவலாளி கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். பிஸ்கெட் உள்ளே போகும்வரை பொறுத்தார்.

"மாடு மட்டும்தானா? சாமான் ஒண்ணும் காணோமே?"

"பின்னால லாரியில வருது," என்றாள் டெஸ்ஸா, மாமாவையும் சேர்த்து.