காதுக்குள் ஒருவன்

"வெட்டு... அவளை வெட்டு!"

தையல்காரன் விறைத்துப் போனான்.

குரல் அவன் காதுக்குள்ளிருந்து வந்தது. எதிரே குனிந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்த மனைவியின் கழுத்து. அவன் கையில் துணி வெட்டும் கத்தரிக்கோல்.

வீசி எறிந்துவிட்டு அலறினான்.

மறுநாள் காலை ஸ்கேன் சென்டர். அவனையும் மனைவியையும் கூட்டி வந்தது அண்ணன். தையல் கடையில் சரிபாதிப் பங்குதாரன். குரல் கேட்பதையும், அது சொல்வதையும் தம்பி முதலில் சொன்னதே அவனிடம்தான். காது மந்தமானால் அப்படித்தான் இருக்கும் என்று காது மெஷின் வாங்கி மாட்டிவிட்டதும் அவன்தான்.

பாசக்கார மனுஷன்!

அண்ணன் போன் பேச வராந்தாவுக்குப் போனதும் டெக்னீஷியன் வந்தான். உள்ளே பெரிய காந்தம், உடம்பில் ஒரு பொட்டு உலோகம் கூடாது என்றான். கடிகாரம், பெல்ட், காது மெஷின்... எல்லாவற்றையும் மனைவி வாங்கிக்கொண்டாள்.

ஸ்கேன் குழாய்க்குள் படுத்தான். எந்திரம் தடதடத்தது. குரல் மட்டும் வாயே திறக்கவில்லை.

டாக்டர் படத்தைக் காட்டினார்.

"மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கிற பாலம் உங்களுக்குப் பிறவியிலேயே வளரலை. இப்படி இருக்கிற பல பேர் நல்லாத்தான் இருக்காங்க. சில பேருக்கு மட்டும் குரல் கேக்கலாம்."

"நான் இவளைக் கொன்னுடுவேனா டாக்டர்?"

அவர் பதில் சொல்வதற்குள் மனைவியின் உள்ளங்கையில் ஏதோ முனகியது. காது மெஷின்! எடுத்துக் காதில் வைத்தவளுக்கு முகம் வெளுத்தது.

"டாக்டரை அடி... உன்னை அடைச்சு வைக்கப் போறான்..."

ஓசைப்படாமல் கதவைத் திறந்தாள்.

வராந்தா பெஞ்சில் அண்ணன். போனை வாயருகே வைத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். அவன் சொன்னதெல்லாம் ப்ளூடூத் வழியே காது மெஷினில் கேட்டது. தம்பிக்குப் பைத்தியம் என்று ஆகிவிட்டால் முழுக் கடையும் அவனுக்கு. ஸ்கேனுக்கு மெஷினைக் கழற்றுவார்கள் என்பது பாவம், அவனுக்குத் தெரியவில்லை!

போலீஸ் அண்ணனையும் போனையும் மெஷினையும் அள்ளிக்கொண்டு போனது.

சாயங்காலம், கடை. தையல்காரனின் காதில் இப்போது ஒன்றுமில்லை. பல நாள் கழித்து நிம்மதியாகக் கத்தரிக்கோலை எடுத்தான். எதிரே மனைவி குனிந்து ஊசியில் நூல் கோத்தாள்.

"வெட்டு..."

உடம்பெல்லாம் வியர்த்தது. கத்தரிக்கோலை நீட்டினான்...

பிடி அவள் பக்கம்.

"இதை உள்ள வச்சுப் பூட்டு. டாக்டர்கிட்ட போகணும்."

"ஏங்க?"

"மறுபடி பேசுது."

அவள் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். "என்ன சொல்லுது?"

"'உங்கண்ணன் என்னை நல்லாத்தான் காப்பி அடிச்சான்'ங்குது!"