அழைக்காத பெயருக்கு வந்த பதில்

தேவாலாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. முத்துராஜ் குடையோடு காத்திருந்தான். நான் மறுக்க மறுக்க என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று நின்று கூட்டிப் போனான். நல்ல பையன் என்று நினைத்தேன்.

குன்னூரில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பேய் பார்க்கக் கிளம்பினால் என் மனைவி இன்றைக்கும் சிரிப்பாள். நான் பேய் ஓட்டுகிறவன் அல்ல. போய்ப் பார்த்து, அது என்ன வகை என்று சொல்வேன். பெரும்பாலும் மரநாய்தான். அதுவும் இல்லையென்றால் காற்றில் ஆடும் தகரம்.

தேயிலை விலை படுத்துவிட்ட வருடங்கள் அவை. அந்த எஸ்டேட்டில் பாக்டரி ஓடவில்லை. செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை கொஞ்சம் இருந்தது, அதற்கு ஆண்களை மட்டும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரட்டுக்களத்தில்தான் தொல்லை. கங்காணி வேலுசாமி பெயர்களைக் கூப்பிடுவார். அழகையாவுக்கும் முனியசாமிக்கும் நடுவே, யாரையும் கூப்பிடாதபோதே, பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்.

"இருக்கேங்க."

முன்பு அந்த இடத்தில் இருந்தது பாண்டியனின் பெயர். முந்தின வருடம் ஒருநாள் பெரட்டில் பதில் சொன்னவன், வேலைக்காட்டுக்குப் போகாமலே திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான் என்று பேச்சு. அதை வந்து சொன்னவன் அவன் கூட்டாளி முத்துராஜ். பாண்டியனின் தங்கை வனிதாவை அவனே கட்டிக்கொண்டான். என்னை வரச் சொல்லி போன் செய்தவள் வனிதாதான்.

லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான அவர்கள் காம்பராவில், அடுப்புப் புகையும் ஈரக் கம்பளியும் கலந்த வாடையில், அவள் எனக்குத் தேநீர் கொடுத்தாள்.

"எங்கண்ணன் செத்துட்டானா, இல்ல என்னைய விட்டுட்டு ஓடிட்டானா ஐயா? அது தெரிஞ்சா போதும். முழுசா வெறுக்கவும் முடியல, முழுசா அழவும் முடியல."

வகைகளைச் சொன்னேன். பாத்திரம் உருள்வதும் கூரையில் கல் விழுவதும் ஒரு வகை. அங்கே பேயைத் தேடக் கூடாது, அந்த வீட்டில் மனம் வெந்துகொண்டிருக்கும் ஆளைத் தேட வேண்டும். சாகிற நேரத்தில் ஒரே ஒரு தடவை சொந்தக்காரர் கண்ணில் பட்டு மறைவது இன்னொன்று. இது அடிக்கடி வருவதால் அதுவும் இல்லை. மிச்சம் இருப்பது தடம். ஒருவன் மனம் கிழிந்துபோன ஒரு நொடி, அந்த இடத்திலேயே பதிந்துவிடும். டேப்பில் பதிந்த பாட்டு மாதிரி அதுவே திரும்பத் திரும்ப வரும். அதற்கு நம்மைத் தெரியாது.

"நாம கேட்டா பதில் சொல்றது இருக்குங்களா?" என்றாள் வனிதா.

"உண்டு என்கிறார்கள். நான் பார்த்ததில்லை."

முத்துராஜ் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "தடம்னா, அதால ஒண்ணும் செய்ய முடியாது, இல்லீங்களா?" என்றான் மெல்ல.

முடியாது என்றேன். அவன் முகம் தெளிந்தது. இரவு எனக்குத் தன் கம்பளியைக் கொடுத்துவிட்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தான்.

விடியலில் பெரட்டுக்களத்தில் பக்கத்தில் நிற்பவனின் முகம்கூடத் தெரியவில்லை. ஆண்கள் பெரட்டுக்கு வனிதா வந்தது அதுவே முதல் தடவை. "நீ எதுக்கு, பயந்துக்குவ," என்று முத்துராஜ் தடுத்துப் பார்த்தான். நான்தான் கூட்டி வந்தேன்.

பெயர்களைத் தலைகீழாகக் கூப்பிடும்படி வேலுசாமியிடம் சொல்லியிருந்தேன். தெரிந்து பேசுகிற குரலென்றால் அழகையாவை ஒட்டித்தான் வரும். தடமென்றால் வழக்கமான நேரத்துக்கு வந்து யார் பெயரோடாவது மோதும்.

பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. கொழுந்து வாசனையும் பீடிப் புகையும் பனியில் அப்பிக் கிடந்தன.

வேலுசாமி யாரோ ஒருவர் பெயரைப் பாதி சொல்லியிருந்தார்.

"இருக்கேங்க."

மிக அருகில் வந்தது. தொண்டைக்குள்ளேயே நசுங்கிய குரல்.

எனக்குள் ஒரு அற்பப் பெருமை எழுந்தது. "தடம்தான்," என்றேன். "பயப்பட ஒன்றுமில்லை."

வனிதா பனிக்குள் பார்த்தபடி நின்றாள்.

"இது எங்கண்ணன் இல்லீங்க," என்றாள். "எங்கண்ணன் மாதிரி யாரோ பேசுறாங்க."

பிறகு, திரும்பாமலே சொன்னாள்.

"இது இவரு."

முத்துராஜ் எனக்குக் குடை பிடித்து நின்றான். குரல் வந்தபோது நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உதடு அசையவில்லை. ஆனால் தடம் பதிப்பவன் செத்திருக்க வேண்டும் என்று எங்கே சட்டம் இருக்கிறது?

குடை கீழே விழுந்தது.

அந்தக் களத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. பனியில் கங்காணிக்கு முகம் தெரியாது. கூட்டாளி வரச் சுணங்கினால் அவனுடைய அன்றைய பேரும் கூலியும் போகாமலிருக்க, பக்கத்தில் நிற்பவன் அவன் குரலில் பதில் கொடுத்துவிடுவான். கேட்கிற கங்காணியும் தம் காலத்தில் அப்படிக் கொடுத்தவர்தான்.

முத்துராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அடுப்பில் ஒன்றுமில்லாத அந்த வருடம், இருவரும் விடியுமுன்னே ஓடைப் பக்கம் போய் சில்வர் ஓக் மரம் ஒன்றைத் திருட்டுத்தனமாக வெட்டியிருக்கிறார்கள். மரம் பாண்டியனின் இடுப்பில் விழுந்தது.

"ஆளுங்களக் கூட்டியாறேன்னு சொல்லிட்டுத்தான் ஓடியாந்தேன். நான் வர்றப்ப சரியா அவன் பேரக் கூப்புட்டாங்க. வாய் பழக்கத்துல பதில் சொல்லிருச்சு. இருக்கான்னு சொன்ன பிறகு, கீழ கெடக்கான்னு எப்படிச் சொல்றது? மரம் வெட்டுனது தெரிஞ்சா லயத்த விட்டுத் தொரத்திருவாங்க. கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் வாயே வரல."

"அவன் கூப்புடலயா?" என்றாள் வனிதா.

"சாயந்திரம் வரைக்கும் கூப்புட்டான்."

அன்றைக்கு அவள் அதே ஓடைக்கு மேலே விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். காட்டுக்குள் ஏதோ கேளையாட்டு மான் கத்துகிறது என்று நினைத்தாளாம். அண்ணன் கத்தியதைக் கேட்டும் ஒன்றும் செய்யாதவள் ஆகிவிட்டாள், அவளை அறியாமலே. அவனைத் துரோகி என்று ஒரு வருடம் திட்டினாள். அப்போதெல்லாம் கண்ணீரைத் துடைத்துவிட்டவன் இவன். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே நெஞ்சு எரிந்தது. அவன் கம்பளியில் நான் தூங்கியிருந்தேன்.

ஆட்கள் ஓடைக்கு இறங்கித் தேடினார்கள். கரை எப்போதோ சரிந்து மூடியிருந்தது. அறுத்த அடிமரம் மட்டும் கிடந்தது. மேலே ஏறி வந்தபோது வெயில் வந்துவிட்டது. கங்காணியும் இன்னும் சிலரும் முத்துராஜை தேவாலா ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். நானும் வனிதாவும் பின்னால் போனோம். குரல் இனி வராது, உண்மை வெளிவந்தால் தடம் அழிந்துவிடும் என்று வழியெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டாளா என்று தெரியாது.

ஸ்டேஷனில் போலீஸ்காரர் அவனை நிமிர்ந்து பார்த்து, "உன் பேர் என்னப்பா?" என்றார்.

முத்துராஜ் வாயைத் திறந்தான்.

"பாண்டியனுங்க."

கனத்த குரல். யாரையோ போலப் பேசிக் காட்டுகிற குரலாக இல்லை. முத்துராஜின் கண்கள் மிரண்டு, தன் வாயையே பார்க்க முயல்வது போலக் கீழே உருண்டன. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

வனிதா அவன் பக்கம் திரும்பினாள்.

"இதுதாங்க எங்கண்ணன்."

அவள் கிட்டே போனாள். அவன் கைகளை மெதுவாக விலக்கினாள்.

"அண்ணா."

அந்த வாய், வலியை அடக்கிக்கொண்டு, பொறுமையாகக் கேட்டது.

"ஆளுங்க வர்றாங்களா பாப்பா?"